உடம்பு முடியாமல் போனவருக்குப் பத்து வருஷக் கணக்கு இல்லை

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. அம்மையார்குப்பத்தில் எந்தத் தெருவில் உட்கார்ந்து பேசினாலும் தறிச் சத்தம் காதில் விழும். தறியை விட்டுவிட்டு ராணிப்பேட்டை சிப்காட்டுக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ எல்லை தாண்டி ஆந்திராவில் இருக்கிற ஸ்ரீசிட்டிக்கோ கம்பெனி வேலைக்குப் போகிறவர்களும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டு. அவர்களில் ஒருவருக்கு நாற்பது வயதுக்குள் இரண்டு சிறுநீரகமும் பழுதாகிறது, அல்லது பக்கவாதம் ஒரு பக்கத்தை இழுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். "இனிமேல் இந்த வேலை உங்களால் முடியாது" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எழுகிற முதல் கேள்வி, "பி.எஃப்.ல எவ்வளவு இருக்கு, எப்ப எடுக்கலாம்?" என்பதுதான். அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: "பென்சன் உண்டா?"

அந்தக் கேள்வி வாய்க்குள்ளேயே நின்றுவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. "பத்து வருஷம் சர்வீஸ் இருந்தாத்தான் பென்சன்" என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். எட்டு வருஷம் வேலை பார்த்தவர் தனக்கு அது இல்லை என்று முடிவு செய்து, இருக்கிற பணத்தை மொத்தமாக எடுத்துவிடுகிறார். பத்து வருஷ விதி உண்மையானதுதான். ஆனால் வேலையில் இருக்கும்போதே உடம்பு நிரந்தரமாக முடியாமல் போனவரை அந்த விதி கட்டுப்படுத்தாது. அது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் சம்பளச் சீட்டை எடுப்போம். உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் பி.எஃப்.புக்காகப் பிடிக்கப்படுகிறது. கம்பெனியும் அதே அளவு போடுகிறது. உங்கள் பங்கு முழுவதும் உங்கள் சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. கம்பெனி போடும் 12 சதவீதம் இரண்டாகப் பிரிகிறது. அதில் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது, மிச்சம் உங்கள் சேமிப்போடு சேர்கிறது. பென்சன் கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். அதனால் பாஸ்புக்கில் பென்சன் பங்கு என்ற பத்தியில் பலருக்கும் மாதம் 1,250 ரூபாய் என்றே இருக்கும். மத்திய அரசும் தன் பங்காக 1.16 சதவீதம் அந்த நிதியில் சேர்க்கிறது.

இந்த இரண்டு கணக்குகளின் குணமும் வேறு. சேமிப்புக் கணக்கில் நீங்கள் போட்டதும் கம்பெனி போட்டதும் வட்டியும் உங்கள் பேரிலேயே இருக்கும், அந்தப் பணத்தில் வேறு யாருக்கும் பங்கில்லை. ஓய்வூதிய நிதி ஊர் ஏரி மாதிரி. எல்லார் நிலத்து மழையும் அதில்தான் வந்து சேர்கிறது. யார் நிலம் காய்கிறதோ அவருக்கு மதகு திறக்கிறது. "உன் நிலத்திலிருந்து எத்தனை குடம் வந்தது?" என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சாதாரணமாக ஓய்வு பெறுகிறவருக்கு மதகு திறக்கப் பத்து வருஷமும் 58 வயதும் ஆக வேண்டும். நடுவில் உடம்பு விழுந்தவருக்குத் தனி மதகு உண்டு.

அந்தத் தனி வழியை எழுதி வைத்திருப்பது 1995ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். அந்த ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1971 முதல் இருந்தது குடும்ப ஓய்வூதியத் திட்டம். அதில் தொழிலாளி இறந்தால்தான் குடும்பத்துக்கு மாதப் பணம். உயிரோடு இருந்து வேலை செய்ய முடியாமல் போனவருக்கு மாத ஓய்வூதியம் என்பதை 1995 திட்டம் கொண்டுவந்தது. அதன் 15ஆவது பத்தி சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: வேலையில் இருக்கும்போது நிரந்தரமாகவும் முழுமையாகவும் இயலாமைக்கு ஆளான உறுப்பினர், ஒரே ஒரு மாதச் சந்தா செலுத்தப்பட்டிருந்தாலும், வாழ்நாள் முழுக்க ஓய்வூதியம் பெறத் தகுதியுள்ளவர். பத்து வருஷம் என்று நாம் நினைத்த இடத்தில் திட்டம் ஒரு மாதம் என்று எழுதியிருக்கிறது.

"நிரந்தர முழு இயலாமை" என்ற பேரைக் கேட்டாலே, எழுந்திருக்க முடியாமல் படுத்த படுக்கையாகக் கிடப்பவர் கண்முன் வருகிறார். திட்டம் அளப்பது வேறு ஒன்றை. இயலாமை வந்த நேரத்தில் அவர் எந்தெந்த வேலையைச் செய்யக்கூடியவராக இருந்தாரோ, அந்த வேலைகளை இனிச் செய்ய முடியாத நிலை வந்துவிட்டதா என்பதே கேள்வி. மருத்துவப் பரிசோதனையிலும், அப்போது பார்த்துவந்த வேலைக்கு அவர் நிரந்தரமாகத் தகுதியற்றவர் ஆகிவிட்டாரா என்றே பார்க்க வேண்டும். நடந்து வந்து டாக்டர் முன் உட்காருகிறவருக்கும் இந்த ஓய்வூதியம் உண்டு. அதே சமயம், சில மாத ஓய்வில் சரியாகிவிடக்கூடிய நோய்க்கு இது பொருந்தாது. நிரந்தரம் என்ற சொல் அதற்காகத்தான் இருக்கிறது.

இன்னொரு சந்தேகமும் இதோடு சேர்ந்து வரும். "கம்பெனிக்குள்ள அடிபட்டிருந்தா சரி, இது சும்மா வந்த வியாதிதானே?" திட்டம் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. இயலாமை வேலையினால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்ற பேதம் கிடையாது. மெஷினில் கை போனாலும், வீட்டு மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பு உடைந்தாலும், சர்க்கரையினால் பார்வை போனாலும் ஒன்றுதான். வேலையில் அடிபட்டதா என்று பார்ப்பது இ.எஸ்.ஐ. தரும் நிரந்தர ஊனப் பயன். அது வேறு அலுவலகம், வேறு திட்டம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பலர் தமக்குத் தகுதியில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

எவ்வளவு கிடைக்கும்? கணக்கு எளிதானது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை, 15,000 உச்சவரம்புக்குள், சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சராசரி 14,000 ரூபாய், சேவை 8 ஆண்டு என்றால் மாதம் 1,600 ரூபாய். சேவை ஒரே வருஷம் என்றால் இந்தக் கணக்கில் 200 ரூபாய்தான் வரும். அங்கே குறைந்தபட்ச ஓய்வூதியம் கை கொடுக்கிறது. 2014 செப்டம்பர் முதல் அது மாதம் 1,000 ரூபாய். 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே பென்சன் வாங்குகிறவருக்கு, 58க்குக் குறைகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் கழிப்பார்கள். இயலாமை ஓய்வூதியத்தில் வயதுக்காக அப்படிக் கழிப்பது இல்லை. 38 வயதுக்காரருக்கும் கணக்கில் வருகிற தொகை முழுதாக வரும்.

ஆயிரமும் ஆயிரத்து அறுநூறும் இன்றைய விலைவாசிக்குச் சிறிய தொகைதான். மருந்துச் செலவுக்கே அது காணாது என்பதும், அந்தக் குறைந்தபட்சத்தை உயர்த்தச் சொல்லி ஓய்வூதியர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவதும் உண்மை. ஆனாலும் அதன் அருமை இரண்டு விஷயத்தில் இருக்கிறது. ஒன்று, அது உயிர் உள்ளவரை நிற்காது. இரண்டு, அவருக்குப் பிறகு மனைவிக்கு அதில் பாதி வரும், அதுவும் 1,000 ரூபாய்க்குக் குறையாது. இரண்டு பிள்ளைகள் வரை 25 வயது ஆகும் மட்டும் தனித்தொகையும் உண்டு.

இனி எல்லோரும் சறுக்குகிற இடத்துக்கு வருவோம். வேலையை விட்டவர் பக்கத்தில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போகிறார். "பி.எஃப். எல்லாத்தையும் கிளியர் பண்ணிக் குடுங்க" என்கிறார். அங்கே இருப்பவர் யு.ஏ.என். எண்ணையும் ஓ.டி.பி.யையும் வாங்கிக்கொண்டு இரண்டு விண்ணப்பம் போடுகிறார். ஒன்று 19ஆம் படிவம், மற்றது 10சி. 19ஆம் படிவம் சேமிப்புப் பணத்தை எடுப்பதற்கு. அதனால் பென்சனுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. நிரந்தர இயலாமையால் வேலையை விடுகிறவர் மருத்துவச் சான்றோடு சேமிப்பு முழுவதையும் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆபத்து 10சியில்தான். பத்து வருஷம் முடிக்காதவர் அதன் வழியாக ஓய்வூதிய நிதியிலிருந்து ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறிவிடுகிறார். பணம் வங்கியில் ஏறியதும் அந்தச் சேவையும் ஓய்வூதிய உறுப்பினர் தகுதியும் முடிந்துபோகின்றன.

இதை ரூபாயில் பார்த்தால் கண் திறக்கும். 10சியில் ஒரு வருஷச் சேவைக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்ற அளவில் கிடைக்கும். நம் எட்டு வருஷக்காரருக்கு அது ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை ஒட்டி வரும். ஆஸ்பத்திரி பில் கையில் இருக்கிற நேரத்தில் அது பெரிய தொகையாகத்தான் தெரியும். ஆனால் மாதம் 1,600 ரூபாய் பென்சன் ஆறு வருஷத்துக்குள் அந்தத் தொகையைத் தொட்டுவிடும். அதன் பிறகு வருகிற ஒவ்வொரு மாதமும், அவருக்குப் பின் மனைவிக்கு வருகிற ஒவ்வொரு மாதமும், அந்த ஒரு படிவத்தால் விட்டுக்கொடுத்த பணம். அவசரச் செலவுக்கு 19ஆம் படிவப் பணத்தை எடுங்கள். 10சியைத் தொடாதீர்கள்.

சரியான வரிசை என்ன? முதல் படி, ராஜினாமாக் கடிதம் எழுதாமல் இருப்பது. திட்டம் கேட்பது வேலையில் இருக்கும்போது வந்த இயலாமையை. வேலையை விட்ட பிறகு எடுத்த மருத்துவக் காகிதங்கள் மட்டும் கையில் இருந்தால், "வேலையில் இருந்தபோதே இது வந்ததா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டமாகிவிடும். இ.எஸ்.ஐ. இருப்பவருக்கு இந்தக் கட்டத்தில் மூச்சுவிட நேரம் கிடைக்கும். நோய்க்காலப் பயனாக 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது. பட்டியலில் உள்ள 34 நீண்டகால நோய்களுக்கு, தகுதி நிபந்தனைகள் பொருந்தினால், இரண்டு ஆண்டு வரை 80 சதவீதம். அந்த நாட்களில் பெயர் கம்பெனி ஏட்டிலேயே இருக்கும். சம்பளம் இல்லாத நாட்கள் சேவைக் கணக்கில் குறையலாம், உறுப்பினர் தகுதி போகாது.

இரண்டாவது படி, காகிதம். அரசு மருத்துவமனையிலோ இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ சிகிச்சை எடுத்த சீட்டுகள், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிவையுங்கள். "ஓய்வு தேவை" என்று எழுதிய சான்று இங்கே உதவாது. அவர் என்ன வேலை பார்த்தார், அந்த வேலையை ஏன் இனிச் செய்ய முடியாது, அந்த நிலை நிரந்தரமா என்ற மூன்றும் டாக்டர் எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே டாக்டரிடம் போகும்போது வேலையைப் பற்றி விவரமாகச் சொல்லுங்கள். எட்டு மணி நேரம் நின்றபடி வேலையா, எத்தனை கிலோ தூக்க வேண்டும், இரவு ஷிஃப்ட் உண்டா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தால்தான் எழுத முடியும்.

மூன்றாவது படி, கம்பெனி ஹெச்.ஆர். பிரிவு. ஒருவர் வேலையை விட்டதும் கம்பெனி பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதியையும் காரணத்தையும் பதிகிறது. காரணப் பட்டியலில் ஓய்வு, இறப்பு, பணி முடிவு என்பவற்றோடு நிரந்தர இயலாமை என்றும் ஒரு வரி உண்டு. பழக்கத்தில் எல்லோருக்கும் பணி முடிவு என்றே போட்டுவிடுவார்கள். மருத்துவச் சான்றின் நகலைக் கொடுத்து, நிரந்தர இயலாமை என்று பதியும்படி எழுத்தில் கேளுங்கள். காண்டிராக்டர் மூலம் வேலை பார்த்தவர் கடைசிக் காண்டிராக்டரிடம் இதைக் கேட்க வேண்டும். பழைய கம்பெனிகளின் கணக்குகள் ஒரே யு.ஏ.என். கீழ் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். மாற்றாத கணக்கின் வருஷங்கள் கணக்கில் ஏறாது.

நான்காவது படிதான் விண்ணப்பம். மாத ஓய்வூதியம் எதுவானாலும் படிவம் ஒன்றே, 10டி. எந்த வகை ஓய்வூதியம் என்று கேட்கிற இடத்தில் இயலாமை ஓய்வூதியம் என்று குறிக்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்த புகைப்படம், பிள்ளைகளின் பிறந்த தேதிச் சான்று, வங்கிப் பாஸ்புக் நகல், மருத்துவச் சான்று ஆகியவற்றை இணைத்துக் கம்பெனி மூலமாக அனுப்புவார்கள். கம்பெனி மூடிப்போயிருந்தால் மாஜிஸ்திரேட், கெஜட்டட் அதிகாரி, வங்கி மேலாளர் போன்றவர்களில் ஒருவர் மேலொப்பம் இடலாம். விண்ணப்பம் போகும் அலுவலகம், கம்பெனி எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த அலுவலகம். ஸ்ரீசிட்டியில் வேலை பார்த்தவருக்கு அது ஆந்திராவில் இருக்கலாம். திட்டம் மத்திய அரசினுடையது என்பதால் எல்லைக்கு இரண்டு பக்கமும் விதி ஒன்றுதான். 2025 ஜனவரி முதல் மையப்படுத்தப்பட்ட முறையில் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பென்சன் வாங்கலாம். திருத்தணியில் இருக்கிற உங்கள் கணக்கிலேயே பணம் ஏறும்.

அதன் பிறகு மருத்துவக் குழுவின் பரிசோதனைக்கு அழைப்பு வரும். அடுக்கிவைத்த காகிதங்களை எடுத்துக்கொண்டு போங்கள். குழு ஒப்புக்கொண்டால் இயலாமை வந்த நாளுக்கு மறுநாளிலிருந்து ஓய்வூதியம் கணக்கிடப்படும், ஆகவே நிலுவைத் தொகையும் சேர்ந்து வரும். வருஷத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுத்தால் போதும். நடுவில் எங்காவது விண்ணப்பம் நின்றுபோனால், மாதந்தோறும் 27ஆம் தேதி ஒவ்வொரு மாவட்டத்திலும் பி.எஃப். அலுவலகம் நடத்தும் 'நிதி ஆப்கே நிகட்' குறைதீர் முகாமுக்குப் போகலாம்.

"பி.எஃப்.பே இல்லாதவங்க என்ன செய்வாங்க?" என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. அம்மையார்குப்பத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர் பலருக்கு பி.எஃப். பிடித்தமே கிடையாது. அவர்களுக்கு மேலே சொன்ன வழி திறக்காது. விசைத்தறித் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதே அதில் பதிந்து, புதுப்பித்தும் வைத்திருக்க வேண்டும். நோய் நிரந்தரக் குறைபாட்டில் முடிந்துவிட்டால், அதன் சதவீதத்தை மருத்துவக் குழுவிடம் சான்றாகப் பெற்று, வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு ஆர்.கே.பேட்டை தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2023 ஜனவரியில் அது 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்தது.

அரசு வேலையில் இருப்பவர் கதை வேறு. ஆனால் அவசரக் கையெழுத்து என்ற ஆபத்து அங்கேயும் உண்டு. பஞ்சாப் மாநில மின்வாரியத்தில் உதவி லைன்மேனாக இருந்த பகவான் தாஸுக்கு 1994இல் பணியில் இருக்கும்போதே பார்வை முழுதாகப் போனது. தன்னை விடுவித்து மனைவிக்கு வேலை தரும்படி அவர் கடிதம் எழுதினார். வாரியம் அதையே விருப்ப ஓய்வாக எடுத்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரியில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. தன் உரிமை என்னவென்று தெரியாத ஊழியருக்குச் சட்டத்தை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது அதிகாரிகளின் கடமை என்று நீதிமன்றம் கண்டித்தது. இன்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பணிக்காலத்தில் குறைபாடு வந்த அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படி ஒரு பணி இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரை, கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். அரசுப் பேருந்து ஓட்டுநரோ பள்ளி ஆசிரியரோ, மருத்துவ இயலாமை ஓய்வு கேட்பதற்கு முன் இந்த உரிமையைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

உடம்பு விழுந்தவரால் இந்தப் படிகளை ஏற முடியாது. வீட்டில் இன்னொருவர்தான் அலைய வேண்டும். மனைவியோ, தம்பியோ, படித்த மகளோ, யாராவது ஒருவர் இதைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். ஓ.டி.பி. கேட்கும் அந்த நேரத்தில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "இதுல 10சி இருக்கா?" இருக்கிறது என்றால் அதை மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டு, 10டி படிவத்தைக் கேட்டு வாங்கட்டும்.